பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே: போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு கடிதம்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சிறிய பழைய கார்கள் – மழைக்கால வாரக்கடைசிக் கூட்டம் – ஆறுமுகநேரி, தூத்துக்குடி மாவட்டம் – விளக்கக் குறிப்பு அனுப்புதல் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 81ஏ முதல் 81ஜி வரை.

ஐயா,

சிறிய பழைய கார் கூட்டம் என்பது, உற்பத்தி நின்றுபோன சிறு கார்களை வைத்திருப்பவர்கள் ஒரு சனி ஞாயிறில் ஓரிடத்தில் கூடி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்தவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்க்கும் நிகழ்வு. இதில் பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது, பெரும்பாலும் பந்தலும் கிடையாது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் இந்த வகையில் சேராது. அது லாரியில் ஏறி வந்து, லாரியிலேயே திரும்பும். சிறிய கார் தன் சொந்தச் சக்கரத்தில் வரும். திரும்பும்போதும் அப்படியே போகும் என்பது வைத்திருப்பவரின் நம்பிக்கை.

தமிழ்நாட்டில் இந்த வகைக்கு மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது ஸ்டாண்டர்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார் உருவானது. எஞ்சின் 948 சி.சி.; உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்ற வண்டிக்கு இந்தியக் கூட்டுக் குடும்பத்தின் வசதி கருதி நான்கு கதவு வைத்தது சென்னைதான். 1972இல் அதற்குத் தம்பியாக கெஸல் வந்தது. 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. இரண்டாவது ஃபியட். பம்பாய் பிரீமியர் ஆலையில் 1964இல் 1100 டிலைட்டாகவும், 1972இல் பிரீமியர் பிரெசிடென்டாகவும், 1974 முதல் பத்மினியாகவும் பெயர் மாறிய 1,089 சி.சி. வண்டி அது. நம் ஊர்களில் கடைசிவரை 'ஃபியட்' என்ற ஒரே பெயரில்தான் ஓடியது. மூன்றாவது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளியே வந்தது.

அரசுக்கும் சிறிய காருக்கும் உள்ள உறவு பழையது, கொஞ்சம் சிக்கலானது. கோவை ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்றார். உரிமம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து லால் பகதூர் சாஸ்திரி, பிரதமராக இருந்தபடியே, ஃபியட் ஒன்றை வாங்கப் பஞ்சாப் நேஷனல் பாங்கில் 5,000 ரூபாய் கடன் எடுத்தார். வண்டியின் விலை 12,000. கடன் அடைவதற்குள் அவர் காலமானார். மீதியை அவருடைய மனைவி லலிதா தம் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். அந்த வண்டி இன்று தில்லியில் நினைவிடத்தில் நிற்கிறது. சிறிய கார் மீது அரசு காட்டிய மரியாதைக்கு அது ஒரு நல்ல சான்று: ஓடுவதை நிறுத்தியபின் கிடைத்தது.

இப்படிக் கூடுவது உலகத்தில் புதிதல்ல. இத்தாலியின் லிகூரியா மலையடிவாரத்தில் கார்லெந்தா என்று ஒரு சிற்றூர். மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். பழைய ஃபியட் 500 கார்களின் சங்கம் 1984இல் அங்கே தொடங்கியதிலிருந்து, ஆண்டுதோறும் ஜூலையில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து அந்தக் குட்டி வண்டிகள் அங்கே வந்து குவிகின்றன. இங்கிலாந்தில் 1896 நவம்பர் 14 அன்று, மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 14 மைல் வரை ஓட அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில், மழை நாளென்றும் பாராமல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குச் சிலர் கிளம்பினார்கள். புறப்படுமுன் ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார்கள். முந்தைய காலத்தில் வண்டிக்கு முன்னால் கொடி பிடித்து ஓர் ஆள் நடக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த ஓட்டம் இன்றும் நவம்பர் மழையிலேயே நடக்கிறது, 1905க்கு முந்தைய வண்டிகளோடு. பழைய கார்ப் பிரியர்களின் உலகில் பெரும்பாலான விழாக்கள் ஏதோ ஒரு விதி தளர்ந்ததைக் கொண்டாடுவதாகவே இருக்கும். நம்மூரில் விழா நடத்தப் போதிய காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆறுமுகநேரியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முக்காணியையும் வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூரையும் தாண்டினால் வரும் ஊர் இது. ஒரு பக்கம் உப்பளங்கள், இன்னொரு பக்கம் சாகுபுரத்து ரசாயன ஆலை, கூப்பிடு தூரத்தில் காயல்பட்டினம், அதற்கப்பால் மன்னார் வளைகுடா. பழைய காருக்கு இந்தியாவில் இதைவிடக் கடினமான பரீட்சை மண்டபம் கிடைப்பது அரிது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். தண்ணீரில் உப்பும் கலந்துவிட்டால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அடித்தட்டில் ஒட்டும், மழை அதைக் கரைத்துத் தகட்டு இடுக்குகளுக்குள் அனுப்பும், வெயில் மூடி போட்டு வைக்கும். பெயிண்டின் மேல் முதலில் கடுகளவு ஒரு கொப்புளம் தெரியும். நகத்தால் கீறினால் விரல் உள்ளே போகும். உப்புக் கரையில் ஒரு கார் நாற்பது வயதைத் தாண்டியிருந்தால், அதன் சொந்தக்காரர் அதைக் காரென்று பாராமல் கைக்குழந்தையாக வளர்த்திருக்கிறார் என்று பொருள்.

மழைக்காலத்தில் ஏன் கூட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இந்தக் கரையில் ஓய்வு என்பதே மழையோடுதான் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் உப்பு வாருதல் நின்றுவிடும். பாத்திகள் குளமாகும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்களுக்காக மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. லாரி ஓட்டுபவர், பட்டறை வைத்திருப்பவர், எடைமேடைக் கணக்கர் எல்லாருக்கும் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவரும். ஆகவே இங்கே சிறிய கார்கள் கூடுவதென்றால் அது நவம்பர் மாதத்து ஈரமான சனி ஞாயிறாகவே இருக்க முடியும். எல்லா மழையையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழையில், மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது, ஓர் ஆண்டு முழுக்க இந்த மாவட்டத்தில் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அந்த வாரக்கடைசியில் காரைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. வெள்ளத்தில் மிதந்து கரையேறிய பழைய கார்கள் அடுத்த பல மாதங்களைப் பட்டறை வாசல்களில் கழித்தன. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்குச் சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது என்பதை அமைச்சகம் அறியும்.

மழையில் சிறிய பழைய கார் நடந்துகொள்ளும் முறை தனியாகப் படிக்கத்தக்கது. கண்ணாடிப் பீடிங் காய்ந்து சுருங்கியிருப்பதால் டாஷ்போர்டுக்குக் கீழே, சரியாக கிளட்ச் காலின் மேல், தண்ணீர் சொட்டும். உள்ளே மூன்று பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி பனி மூடிவிடும். அதற்கு ஏசி தேவையில்லை. பீடித் தூளையோ வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்ப்பது டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வைத்தியம். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாகத் திறக்கும். வெயில் நாளில் முன் டயரின் மேல் உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம் என்பது அதன் பெருமை. மழை நாளில் அதே பெருமை எஞ்சினை முழுவதுமாக வானத்துக்குக் காட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே டிஸ்ட்ரிப்யூட்டர். பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் அந்தக் கறுப்பு மூடிக்குள் ஈரம் புகுந்தால், பொறி போக வேண்டிய பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பக்கத்துக் காலுக்குத் தாவும். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு, தேங்கிய தண்ணீரின் நட்ட நடுவில் நிற்கும். ஓரத்தில் நின்றதாக வரலாறு இல்லை. மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளிக் கழற்றி, வேட்டி நுனியால் உட்புறத்தைத் துடைத்து, பக்கத்து டீக்கடையில் பாய்லர் ஓரமாக அஞ்சு நிமிஷம் வைத்து எடுத்தால் போதும். திரும்ப மாட்டியபின் ஒரு கேரி பேக்கைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். இந்த வைத்தியத்தில் டீக்கடைக்கு இருக்கும் இடம் சட்டரீதியாக முக்கியமானது, கீழே விளக்கப்படுகிறது.

வண்டி நிற்கும் இடத்தில் கூட்டம் சேரும். வழக்கமான கேள்விகள் மூன்று: "அண்ணாச்சி, மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" "பார்ட்ஸ்லாம் கெடைக்கா?" "என்ன ரேட்டுன்னா குடுப்பிய?" முதல் கேள்விக்குப் பொய்யும், இரண்டாவதற்குப் பெருமூச்சும், மூன்றாவதற்குக் கோபமும் பதிலாகக் கிடைக்கும். கேட்டவர்களில் நான்கு பேர் பின்னால் போய்த் தள்ளுவார்கள்.

இனி சட்டம். 2021 ஜூலை 15 அன்று அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இந்த வகையில் வரும். புதிதாகப் பதிபவருக்கு மாநில எழுத்துகளுக்குப் பின்னால் 'வி.ஏ.' என்று பொறித்த தனி நம்பர் பிளேட் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. இது பாராட்டத்தக்கது. ஒரு மாதம் கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று, பழைய வாகனங்களைத் தாமாக முன்வந்து உடைக்கக் கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. உடைப்பாலையில் ஒப்படைத்தால் சான்றிதழும், புது வண்டி வாங்கும்போது சலுகையும் உண்டு. இதுவும் பாராட்டத்தக்கது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும்போதுதான் இந்தக் குறிப்பின் தேவை எழுகிறது.

இரண்டும் சேர்ந்து ஒரு காரின் ஆயுளை மூன்றாகப் பிரிக்கின்றன. பதிவைப் புதுப்பிக்க வேண்டியிராத முதல் 15 ஆண்டு அது வாகனம். 50க்கு மேல் அது பாரம்பரியம். நடுவிலுள்ள 35 ஆண்டு அது என்ன என்பதை அமைச்சகம் கட்டண விகிதத்தின் மூலம் மட்டுமே தெரிவித்திருக்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. இந்தப் புதுப்பித்தல் ஐந்து ஆண்டுக்குத்தான். ஆகவே 25 வயது பத்மினிக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். 51 வயது ஹெரால்டுக்கும் 'வி.ஏ.' பதிவில் ஆண்டுக்கு 2,000 ரூபாய். 61 வயதானால் அதைவிடக் குறைவு. கிழடு தட்டத் தட்டக் கட்டணம் குறைவது மனிதாபிமானம் என்று கொள்ளலாம். நடுவயதில்தான் வண்டி தினமும் ஓடுகிறது, பட்டறைக்கும் பெட்ரோல் பங்குக்கும் வரி கட்டுகிறது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறது என்பது கணக்கில் வரவில்லை.

ஆறுமுகநேரிக் கூட்டத்தில் இது என்ன குழப்பத்தை உண்டாக்கும் என்று பார்க்கலாம். ஒரே தண்ணீர்த் தேக்கத்தில் 1968 ஹெரால்டும் 1985 பத்மினியும் 1990 மாருதியும் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது தேசத்தின் சொத்து. இரண்டாவது 2035இல் சொத்தாகும், மூன்றாவது 2040இல். அதுவரை இரண்டும் உடைப்பாலைக்கு அழைப்பு பெற்றவை. இதில் ஹெரால்டைக் கயிறு கட்டி இழுத்துவருவது பத்மினிதான். தேசத்தின் சொத்தைக் காப்பாற்றும் பணியில் உள்ள பழைய இரும்புக்குக் கட்டணச் சலுகை ஏதேனும் உண்டா என்பது விதிகளில் சொல்லப்படவில்லை.

'வி.ஏ.' பெற்ற வண்டி எங்கெல்லாம் போகலாம் என்பதை விதி வரையறுக்கிறது: காட்சிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, பழம்பெரும் கார்களின் ஊர்வலத்துக்கு, எரிபொருள் நிரப்ப, பராமரிப்புக்கு, அங்கெல்லாம் போய்வர. வழக்கமான பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. இந்த வட்டாரத்தில் உள்ள நடைமுறைகள் இந்தப் பட்டியலில் எங்கே அடங்கும் என்பதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. திருச்செந்தூர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளப்புவது பராமரிப்பா, தொழில்நுட்ப ஆராய்ச்சியா? டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் காயவைக்க டீக்கடையில் நிறுத்தியது பராமரிப்பு என்று ஏற்கப்பட்டால், காயும் அஞ்சு நிமிஷத்தில் டிரைவர் குடித்த டீ எரிபொருள் நிரப்புதலில் சேருமா? வழியில் மாமியார் வீடு இருந்து, எட்டிப் பார்க்காமல் போனால் குடும்பத்தில் பெரிய பராமரிப்பு வேலை வந்து சேரும் என்ற நிலையில் என்ன செய்வது? இப்போதுள்ள வாசகப்படி, மழையில் நனைந்து எஞ்சின் நின்று, வீட்டு முற்றத்தைவிட்டு நகராத வண்டியே விதிக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட வண்டி.

அடுத்தது மூல வடிவம். வண்டியின் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. உப்புக் காற்றுள்ள கரையில் தொழிற்சாலைத் தளத்தகடு மாற்றப்படாத 50 வயதுக் கார் ஒன்று இருக்குமானால், அதற்குத் தளமே இருக்காது. இங்குள்ள ஒவ்வொரு வண்டியும் ஒரு முறையேனும் கேஸ் வெல்டிங்கையும் பட்டியையும் பார்த்திருக்கும். சில வண்டிகளில் இரும்பைவிடப் பட்டி அதிகம். இதைப் பெரிய மாற்றம் என்று எடுத்துக்கொண்டால் தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிக் கரைகள் பாரம்பரியத்திலிருந்து விலக்கு பெறும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று மக்கள் இன்றும் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டிக்கடியில் குனிந்து பார்க்கும்போது எதை மூலம் என்று கொள்ள வேண்டும் என்பதற்கு அவருக்கும் ஒரு வழிகாட்டுதல் வேண்டும். குனிந்தவர் கண்ணில் துரு விழாமலிருக்க ஒரு கண்ணாடியும் வேண்டும்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பழைய வாகனச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, 1966இல் தொடங்கியது, 30 ஆண்டு கடந்த வாகனத்தை வரலாற்று வாகனம் என்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டில் தனி எழுத்துள்ள நம்பர் பிளேட்டும் குறைந்த வரியும் கிடைக்கின்றன. பிரிட்டனில் 40 ஆண்டு ஆனால் சாலை வரி கிடையாது; வழக்கமான பயன்பாடு கூடாது என்ற கெடுபிடியும் இல்லை, நாள்தோறும் ஓட்டலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையில், மோரிஸ் மைனர் காரை மக்கள் பல பதிற்றாண்டுகளாக விடாமல் ஓட்டினார்கள். ஓட்டியதால் பட்டறைகள் பிழைத்தன, பட்டறைகளால் கைவேலை பிழைத்தது, கடைசியில் அந்தக் காரைப் பெற்ற இங்கிலாந்துக்கே இலங்கையிலிருந்து உதிரிப் பாகங்கள் ஏற்றுமதியாயின. ஓடுகிற கார்தான் மெக்கானிக்கை உயிரோடு வைத்திருக்கிறது. 35 ஆண்டு ஓட்டாமல் பதுக்கி வைத்து, ஐம்பதாவது பிறந்தநாளில் தார்ப்பாயை விலக்கினால், கார்புரேட்டரைப் பிரிக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்க மாட்டார்.

புகை, விபத்து, காற்று மாசு என்ற கவலைகள் நியாயமானவை. நகரத்தில் தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கிழட்டு டீசல் வண்டியை ஒதுக்குவதில் யாருக்கும் மறுப்பில்லை. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 20 ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் விடைபெற்றன. அந்நகரம் அழுதுவிட்டு ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கும் கோயிலுக்கும் பட்டறைக்கும் மட்டும் போகும் ஆறுமுகநேரி பத்மினியை அதே தராசில் நிறுத்துவது எடைமேடையில் மூக்குத்தி நிறுப்பது போன்றது.

இதே மாவட்டத்தில், தூத்துக்குடி சிப்காட்டில், 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சார கார் ஆலையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். அந்த ஆலையின் முதல் கார்களும் இதே உப்புக் காற்றில்தான் வளரப் போகின்றன. அவற்றுக்கு டிஸ்ட்ரிப்யூட்டர் கிடையாது. ஆனால் அடித்தட்டு உண்டு. 2040 வரை அவை வாகனங்கள். 2075இல் பாரம்பரியம். இடைப்பட்ட காலத்துக்கான விதியை இப்போதே எழுதிவைத்தால் அவற்றுக்கும் உதவும்.

ஆகவே கீழ்க்கண்டவை கோரப்படுகின்றன. 30 முதல் 50 ஆண்டு வரையுள்ள, வணிகத்துக்குப் பயன்படாத கார்களுக்குத் தனி வகை ஒன்றை ஏற்படுத்தி, 61 வயதுக் காரைவிட அதிகக் கட்டணம் கேட்காமல், தகுதிச் சோதனைக்கு உட்பட்டு வழக்கமாக ஓட்ட அனுமதிக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் தளத்தகடு மாற்றியதை மூல வடிவ மீறலாகக் கருதக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பயணங்களின் பட்டியலில் கோயிலையும் டீக்கடையையும் சேர்க்க வேண்டும். மாமியார் வீட்டை அமைச்சகத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். உப்பளத்தில் வேலை நின்று மழை தொடங்கும் அக்டோபருக்குள் பதில் அனுப்பினால், நவம்பரில் கூடுபவர்கள் அதை அச்சடித்து, ஈரம் படாமல் கேரி பேக்கில் போட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஆறுமுகநேரி வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய பழைய கார்களுக்காக.